கார் ஃபிரிட்ஜுக்குக் கூடுதல் ஃபேன், தெர்மோஸ்டாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி வெயிலில் டிக்கியில் 12 வோல்ட் ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் நான். அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. அதனால் இரண்டு நாளுக்கு மேல் வெளியூர் என்றால் 40 லிட்டர் பெட்டியும் எங்களோடு கிளம்பிவிடும். அதற்கு வெளியே இரண்டு ஃபேன் போட்டு, சூடு ஏறினால் தானாக ஓடும்படி ஒரு தெர்மோஸ்டாட்டும் மாட்டியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபிரிட்ஜிலேயே ஒரு ஃபேன் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இருக்கிறது. கம்ப்ரசர் இருக்கும் ஓரத்தில் பக்கவாட்டில் ஓட்டைகள் தெரியும். உள்ளே கண்டன்சர், அதாவது சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள். அதற்கு எதிரே உள்ளங்கை அளவு ஃபேன். கண்டன்சரின் சூட்டை அது வெளியே தள்ளிவிடும். ஆனால் நம் விஷயத்தில் அந்த வெளி என்பது டிக்கிதான். ஒரு பக்கம் கூடாரம், இன்னொரு பக்கம் துணிப்பை, மேலே போர்வை. தள்ளிய சூடு போக வழியில்லாமல் அங்கேயே சுற்றி, அடுத்த நிமிடம் அதே ஃபேன் வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. சுடச்சுட வந்த காற்றால் கண்டன்சரை எப்படி ஆற்ற முடியும்?

ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை இறைத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான் இதுவும். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு வாளிக்கும் கூடுதலாகக் கயிறு இழுக்க வேண்டும். உள்ளே 4 டிகிரி, கண்டன்சரில் 45 டிகிரி என்றால் ஆழம் 41. கண்டன்சர் 60 டிகிரிக்குப் போனால் ஆழம் 56. அதே ஒரு வாளிச் சூட்டை இறைக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். வெளியே நாம் போடும் ஃபேனின் வேலை, அந்தக் கிணற்றை ஆழமாகாமல் பார்த்துக்கொள்வது.

ஃபேன் போட்டால் கூலிங் எவ்வளவு கூடும்?

அது ஃபிரிட்ஜைப் பொறுத்ததல்ல, வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. நாலு பக்கமும் காற்றோட்டமாக, நிழலில், தரையில் வைத்திருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஃபேன் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. டிராயருக்குள், பலகைப் பெட்டிக்குள், சீட்டுக்குப் பின்னால் இடுக்கில் வைத்திருந்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். என் பெட்டியில் கண்டன்சரை விட்டு வெளியேறும் காற்று மே மாத மத்தியானத்தில் 58 டிகிரி இருந்தது. ஃபேன் சரியாக அமைந்த பிறகு அதே நேரம், அதே சாலையில் 47.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃபேன் காற்றை நகர்த்தும், குளிர வைக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைக்கூடத் தொடும். ஃபிரிட்ஜ்களுக்கான தர வகைகளில் 'டி' என்கிற வெப்பமண்டல வகையே 43 டிகிரி சூழல் வரைக்கும்தான். மூடிய காரில் எத்தனை ஃபேன் ஓடினாலும் கொதிக்கிற காற்றைத்தான் கிண்டிக்கொண்டிருக்கும். நிழல் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு கண்ணாடியை ஒரு விரல் இறக்கி விடுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரண்டில் போட்டு, உள்ளே வைக்கும் பொருளையும் குளிர வைத்தே எடுத்து வையுங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் ஃபேனுக்குச் செலவழிக்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

என் பெட்டி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் கனமாக இருந்து, ஓடும்போது மெல்லிய உறுமலும் அதிர்வும் இருந்தால் கம்ப்ரசர் வகை. பஞ்சு போல இலேசாக, மூடியிலோ பக்கத்திலோ ஒரு ஃபேன் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் பெல்டியர் வகை. சத்தமே இல்லாமல், பின்பக்கம் முழுக்கக் குழாயும் தகடுமாக இருந்து, கேஸிலும் ஓடும் என்றால் அப்சார்ப்ஷன் வகை. ஹோட்டல் அறைகளில் சத்தமில்லாமல் நிற்கும் மினிபார் பலவும் இந்தக் கடைசி வகைதான். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி கம்ப்ரசர் வகைக்கானது. மற்ற இரண்டுக்கும் தனியே சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றில் இந்த வேலையைத் தப்பாகச் செய்தால் பெட்டியே போய்விடும்.

ஃபேனை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. நான் கெட்டுத் தெரிந்துகொண்டதும் இதில்தான்.

முதல் தடவை நான் என்ன செய்தேன் என்றால், ஃபிரிட்ஜின் ஓட்டைகளைப் பார்த்து நேராக இரண்டு ஃபேனை வைத்து உள்ளே ஊதவிட்டேன். காற்று போனால் குளிரும் என்ற நினைப்பு. அந்த ஓட்டைகள் சூடு வெளியே வரும் வழி. உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் வெளியே தள்ள, என் ஃபேன்கள் உள்ளே தள்ள, நடுவில் கண்டன்சர் மாட்டிக்கொண்டது. தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் திரிந்திருந்தது, ஐஸ் பேக் தொளதொளவென்று கிடந்தது. நல்ல வேளையாக அந்தப் பயணத்தில் அம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதலில் ஊதுபத்தி கொளுத்துவேன். ஃபிரிட்ஜை ஓடவிட்டு, வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு, புகையும் ஊதுபத்தியை ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் ஒரு விரல் தூரத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் புகை நூல் போல வளைந்து உள்ளே போகும். இன்னொரு பக்கம் சிதறி விலகும். உள்ளே போகும் பக்கம் மூச்சு இழுக்கும் வழி, விலகும் பக்கம் விடும் வழி. இரண்டையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் ஃபேன் அந்தப் போக்குக்குத் துணையாகத்தான் ஓட வேண்டும்.

டிக்கியில் பலகைப் பெட்டிக்குள் ஃபிரிட்ஜ் இருந்தால், இழுக்கும் வழிக்கு நேராகக் கீழ்ப்பக்கம் ஒரு ஜன்னல், விடும் வழிக்கு நேராக மேல்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். சூடான காற்று மேலே போகத்தான் பார்க்கும், அதன் போக்கிலேயே விடுவது நல்லது. ஒரு ஃபேன்தான் வாங்க முடியும் என்றால் மேல் ஜன்னலில், வெளியே தள்ளும்படி வையுங்கள். இரண்டாவது ஃபேனைக் கீழே, உள்ளே இழுக்கும்படி வைக்கலாம்.

பலரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. இழுக்கும் பக்கத்துக்கும் விடும் பக்கத்துக்கும் நடுவில் தடுப்பு வேண்டும். கதவு இடுக்கில் ஒட்டுவோமே, அந்த ஸ்பாஞ்ச் பட்டையை வாங்கி ஃபிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள சந்தை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் விட்ட சூடு சந்து வழியாகச் சுற்றி வந்து இழுக்கும் பக்கம் நுழையும். இரண்டு ஃபேனும் ஜோராகச் சுற்றும், கூலிங் மட்டும் இருக்காது. என் பெட்டியில் பாதிப் பலன் ஃபேனால் வந்ததென்றால் மீதிப் பலன் இந்த ஸ்பாஞ்சால் வந்தது. அடைத்து முடித்ததும் மறுபடி ஒரு ஊதுபத்தி.

எந்த ஃபேன் வாங்குவது?

கம்ப்யூட்டர் கேபினெட்டில் போடும் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குவித்து வைத்து விற்பார்கள், ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே நிறைய காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. 120 வைக்க இடமில்லை என்றால் மட்டும் 80-க்கு இறங்குங்கள்.

பேரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான ஸ்லீவ் பேரிங் ஃபேன் இந்தச் சூட்டிலும் குலுக்கலிலும் எண்ணெய் வற்றிக் கரகரக்க ஆரம்பித்துவிடும். படுக்கை வாட்டத்தில் மாட்டினால் இன்னும் சீக்கிரம். பால் பேரிங் என்று லேபிளில் போட்டிருப்பதை வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஐபி55 என்று குறித்த தூசி, தண்ணீர் தாங்கும் ஃபேனை வாங்கினால் உப்புக்காற்றுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

லேபிளில் ஆம்பியரையும் பாருங்கள். 0.1 முதல் 0.3 வரை இருந்தால் நம் வேலைக்குச் சரி. வண்ண விளக்கு எரிகிற ஃபேன் வேண்டாம், ராத்திரி கூடாரத்துக்குள் தூங்க விடாது.

நேராகப் பேட்டரியில் கொடுத்து எப்போதும் ஓடவிட்டால் என்ன? தெர்மோஸ்டாட் அவசியமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.15 ஆம்பியர் ஃபேன் இரண்டு, மொத்தம் 0.3. நாள் முழுக்க ஓடினால் 7.2 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியரை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). 45 வாட் கம்ப்ரசர் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.75 ஆம்பியர் இழுக்கும். நேரத்தில் பாதி ஓடினால் ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-ஹவர். இடுக்கில் மாட்டி, 80 சதவீத நேரம் ஓட வேண்டி வந்தால் 72. ஆக, மத்தியானச் சூட்டில் ஃபேன் தின்பதைவிட மிச்சப்படுத்துவது அதிகம். ஆனால் கொடைக்கானலில் ராத்திரி 12 டிகிரி குளிரில் அந்த ஃபேன் எதற்காக ஓட வேண்டும்? தெர்மோஸ்டாட் இருந்தால் பத்து மணி நேரம் ஓடி, 3 ஆம்பியர்-ஹவரோடு நின்றுவிடும். பேட்டரி சின்னது என்றால் அந்த நாலு ஆம்பியர்-ஹவர் பெரிய விஷயம்.

மின்சாரத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது தூசி. ஓடும் நேரமெல்லாம் ஃபேன் மண்ணை இழுத்துக் கண்டன்சரில் அப்பிவிடும். தேவையில்லாதபோது நிற்பது கண்டன்சருக்கும் நல்லது.

சரி, ஒரு ஸ்விட்ச் வைத்துக் கையால் போட்டு நிறுத்தினால் என்ன என்பீர்கள். அதையும் ஒரு கோடை முழுக்கச் செய்து பார்த்தேன். வெயில் ஏறும் நேரத்தில் நாம் ஏதாவது கோயிலில் வரிசையில் நின்றுகொண்டிருப்போம்.

எந்த தெர்மோஸ்டாட்?

இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, டபிள்யூ1209 என்ற பெயரில் கிடைக்கும் சின்ன போர்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்பு எண் திரை, மூன்று பட்டன், மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடும் ஸ்விட்சான ஒரு ரிலே, ஒயர் முனையில் ஒரு சென்சார். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதில் முதலில் 'செட்' பட்டனைச் சும்மா ஒரு முறை அழுத்தினால் எந்த வெப்பத்தில் ஃபேன் ஓட வேண்டும் என்பதை மாற்றலாம். அதையே ஐந்து விநாடி பிடித்து அழுத்தினால் உள் மெனு திறக்கும். அதில் பி0 என்பது சூடாக்கவா, குளிர்விக்கவா என்று கேட்பது. ஆங்கில 'சி' இருந்தால் குளிர்விக்க, அதுதான் நமக்கு வேண்டும். 'ஹெச்' இருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். பி1 என்பது எத்தனை டிகிரி இறங்கினால் நிற்க வேண்டும் என்பது. வாங்கும்போது 2 இருக்கும். அதை 5 ஆக்குங்கள். இரண்டு டிகிரி என்றால் ரிலே டிக்கு டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கேஎஸ்டி9700 என்கிற சின்ன வெப்ப ஸ்விட்ச். இரண்டு ஒயர், வேறு ஒன்றுமே இல்லை. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து தொடும், ஆறினால் விலகும். தனக்கென்று மின்சாரமே வேண்டாம், குலுக்கலுக்கும் அஞ்சாது. வாங்கும்போது, சாதாரணமாகத் திறந்திருந்து சூட்டில் மூடுகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும், எதிர்வகையும் அதே உருவத்தில் கிடைக்கிறது. 40 டிகிரி ஸ்விட்ச் நம் ஊருக்கு ஆகாது. மே மாதத்தில் காற்றே 40 டிகிரி இருக்கும், ஒரு தடவை மூடினால் ராத்திரி வரை திறக்காது. 50 டிகிரி ஸ்விட்சை வாங்கி நேரே கண்டன்சர் பக்கம் ஒட்டலாம்.

என் பெட்டியில் இருப்பது டபிள்யூ1209. திரையில் எண் தெரிவது எனக்குப் பிடிக்கும். வண்டியை நிறுத்திவிட்டு வந்து டிக்கியைத் திறந்ததும் ஒரே பார்வையில் நிலவரம் தெரிந்துவிடும். ஒயரிங்கில் அவ்வளவு பழக்கமில்லாதவர்களுக்கு வெப்ப ஸ்விட்சைத்தான் சொல்வேன்.

சென்சாரை எங்கே வைப்பது? எத்தனை டிகிரியில் ஓடவிடுவது?

ஃபிரிட்ஜுக்கு உள்ளே வைக்காதீர்கள். பாதிப் பேர் அங்கேதான் வைக்கிறார்கள். உள்ளே எப்போது குளிர வேண்டும் என்பதை ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். நமக்குத் தெரிய வேண்டியது கண்டன்சர் பக்கம் எவ்வளவு சூடு என்பது மட்டும்.

சூடு வெளியேறும் ஓட்டைக்கு நேராக, காற்று நன்றாக வந்து மோதும் இடத்தில் சென்சார் முனையை வைத்து அலுமினியம் டேப்பால் ஒட்டுங்கள். செல்லோடேப் சூட்டில் உரிந்து வந்துவிடும்.

டிகிரியை யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் பெட்டியே சொல்லும். காலையில் எல்லாம் ஆறியிருக்கும்போது ஃபிரிட்ஜை ஓடவிட்டு அரை மணி கழித்து அந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். மத்தியானம் மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் பிடியுங்கள். என் பெட்டிக்கு 45-ல் ஓடி 40-ல் நிற்கும்படி வைத்திருக்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் பகல் முழுக்க நிற்காமல் ஓடும், அது சரிதான். மார்கழியில் ஓடவே ஓடாது.

ஒயரிங்கைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து முதலில் ஃப்யூஸ், இரண்டு ஆம்பியர் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபேன் அருகே வைத்தால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது. ஃப்யூஸிலிருந்து வரும் ஒயர் போர்டின் 12 வோல்ட் பிளஸ்ஸுக்கு, மைனஸ் அதன் கிரவுண்டுக்கு. பிறகு அதே பிளஸ்ஸிலிருந்து ஒரு துண்டு ஒயர் ரிலேயின் ஒரு முனைக்கு, மறுமுனையிலிருந்து ஃபேன்களின் பிளஸ்ஸுக்கு. ஃபேன்களின் மைனஸ் நேரே கிரவுண்டுக்கு. இரண்டு ஃபேனும் இணையாகத்தான், தொடராக இல்லை. திரை என்ன காட்டினாலும் ஃபேன் நிற்காமலே ஓடினால் ரிலே முனையில் போட்ட இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

ஃபேனில் இரண்டு ஒயர் என்றால் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். மூன்றாவதாக ஒரு ஒயர் இருந்தால் அது வேகம் சொல்லும் ஒயர், டேப் சுற்றி விட்டுவிடுங்கள். நாலு ஒயர் ஃபேனில் வேகக் கட்டுப்பாட்டு ஒயரையும் சும்மா விட்டால் முழு வேகத்தில் ஓடும். முறுக்கி டேப் ஒட்டுவதோடு நிறுத்தாமல் சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வண்டியில் எல்லா இணைப்பும் ஆடும்.

ஒயரைத் தொடும்போதே ஃபிரிட்ஜின் லைனையும் பாருங்கள். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கி வரை நாலு மீட்டர் என்று வைத்தால் போக வர எட்டு மீட்டர். 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 5 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 4 ஸ்கொயரில் 0.2-க்கும் கீழ். பேட்டரி நன்றாக இருந்தும் "லோ வோல்டேஜ்" என்று ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது என்று புலம்புகிறவர்களுக்குப் பாதி நேரம் இதுவும், ஆடிக்கொண்டிருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும்தான் காரணம்.

ஃபிரிட்ஜின் சொந்த ஃபேன் முனையிலேயே இதையும் சேர்த்துவிடலாமா?

சேர்க்க முடியும், ஆனால் அளவு உண்டு. நிறைய நல்ல பெட்டிகளில் இருக்கும் செகாப் பிடி35எஃப் கம்ப்ரசரை எடுத்துக்கொள்வோம். முன்பு டான்ஃபாஸ் பெயரில் வந்ததுதான். அதன் கண்ட்ரோலரில் ஃபேனுக்கென்று ஒரு முனை இருக்கிறது. தொடர்ந்து 0.5 ஆம்பியர் வரை கொடுக்கும். 24 வோல்ட் வண்டியிலும் அந்த முனையில் 12 வோல்ட்தான் வரும். அளவு மீறினால் கண்ட்ரோலர் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும். எல்இடி போட்டிருந்தால் இரண்டு இரண்டாக மின்னும். இருக்கிற ஃபேனோடு சின்னதாக ஒன்று சேர்த்தால் பிரச்சினை இல்லை.

நான் சேர்க்கவில்லை. கம்ப்ரசர் நின்றதும் அந்த முனையும் அணைந்துவிடும். பலகைப் பெட்டிக்குள் தேங்கிய சூடு வெளியேற அதற்குப் பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓட வேண்டும். தெர்மோஸ்டாட் அதைத் தானாகச் செய்கிறது.

ஃபிரிட்ஜைப் பிரித்து உள்ளேயே ஃபேன் மாட்டலாமா? ஓட்டை போடலாமா?

வேண்டாம். வாரண்டி போகும் என்பது சின்ன காரணம். குளிர்விக்கும் குழாய் சுவருக்குள், ஃபோமுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, சில பெட்டிகளில் கண்டன்சர் குழாயும் வெளிச்சுவரை ஒட்டி ஓடும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு திருகாணி அதில் இறங்கினால் பெட்டி அதோடு முடிந்தது. புதிய பெட்டிகள் பலவற்றில் ஆர்600ஏ வாயு இருக்கும். கேஸ் சிலிண்டரில் இருப்பதன் இனம், தீப்பிடிக்கும். முக்கோணத்துக்குள் தீ வரைந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுதான். டபிள்யூ1209-ன் ரிலே மூடித் திறக்கும்போது சின்னப் பொறி வரும் என்பதால் போர்டைக் கம்ப்ரசர் அறைக்குள் வைக்கவே கூடாது. வெளியே, பலகையில், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள்.

பெல்டியர் பெட்டி வைத்திருக்கிறேன், அதற்கும் இதே மாதிரி செய்யலாமா?

இங்கேதான் கவனம் வேண்டும். பெல்டியர் சில்லுக்கு ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுடும் பக்கத்தில் இருக்கும் ஃபேன் ஒரு நிமிடம் நின்றாலும் சூடு எகிறிச் சில்லே போய்விடலாம். அந்த ஃபேனின் ஒயரை வெட்டி நடுவில் தெர்மோஸ்டாட் போட்டுவிடாதீர்கள். அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் போடுவது வெளியே இருந்து புதுக்காற்று கொண்டுவரும் இன்னொரு ஃபேனாக இருக்கட்டும், தெர்மோஸ்டாட் அதற்கு மட்டும்.

எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி வெளிவெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் இறக்கும். காருக்குள் 40 என்றால் உள்ளே நல்லபடியாக 20, 25. குடிதண்ணீருக்கும் பழத்துக்கும் போதும். பாலுக்கும் மீனுக்கும் மருந்துக்கும் போதாது, எந்த ஃபேனும் அதை மாற்றாது.

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ்?

ஃபேனால் அதிகம் பலன் பெறுவது இதுதான். அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சூட்டாலேயே சுற்றிவருகின்றன, ஓடுகிற பாகம் ஒன்றும் கிடையாது. பின்பக்கத் தகடுகள் சூட்டை விட்டால்தான் சுற்று நடக்கும். கையில் தூக்கிப் போகும் பெட்டிகள் மாடலுக்கு ஏற்ப 25 முதல் 30 டிகிரி வரை இறக்கும். பின்பக்கத் தகடுகளுக்குக் கீழிருந்து மேலாகக் காற்று போகும்படி ஃபேன் வைத்து, சென்சாரை மேல் தகட்டில் செருகுங்கள். பர்னர் இருக்கும் இடத்தில் மட்டும் காற்று படக் கூடாது, தீ அலைந்து அணையும். பெட்டியைச் சமதளத்தில் வைப்பதும் முக்கியம். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது. கேஸில் ஓட்டும்போது திறந்தவெளியில் வையுங்கள். மூடிய காருக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கூடவே கூடாது.

ஃபிரிட்ஜுக்கு உள்ளே ஒரு குட்டி ஃபேன்?

மேலே ஒரு வெப்பம், கீழே ஒரு வெப்பம் என்று இருப்பவர்களுக்கு அது உதவும். 40 மில்லிமீட்டர் ஃபேன் போதும், வேகம் குறைவாக இருக்கட்டும். அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, தெர்மோஸ்டாட்டும் வேண்டாம்.

இன்சுலின் வைக்கிறேன், நம்பலாமா?

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் உறைந்தாலும் அது வீண்தான். உருகிய பிறகு பயன்படுத்தக் கூடாது. ஃபேன் போட்டுக் கூலிங் நன்றாக வந்துவிட்ட பெட்டியில் இந்த ஆபத்து கூடுகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. முன்பு திணறிக்கொண்டிருந்தபோது 2-ல் வைத்தால் உள்ளே 6 காட்டும். ஃபேனுக்குப் பிறகு 2 என்றால் 2-க்கே இறங்கியது, சுவரை ஒட்டிய தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டியிருந்தது. அன்றைக்கு இன்சுலின் நடுவில் இருந்ததால் தப்பித்தது.

இப்போது 5-ல் வைக்கிறேன். இன்சுலினை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சுற்றி ஒரு துண்டு சுற்றி, சுவரில் படாமல் நடுக்கூடையில் வைக்கிறேன். பக்கத்திலேயே தனி வெப்பமானி ஒன்று. ஃபிரிட்ஜின் திரை காட்டும் எண் அதன் சென்சார் இருக்கும் இடத்தின் எண்தான், மருந்து இருக்கும் இடத்தின் எண் அல்ல. ஃபேன் போட்ட முதல் வாரம் வீட்டில் வைத்தே ஓட்டிப் பாருங்கள், மருந்தை அதற்கப்புறம் வையுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு உள்ளே வையுங்கள். 12 வோல்ட் லைனில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று கிடைக்கும், ஆம்பியர்-ஹவரைக் கூட்டிக்கொண்டே வரும். ஃபேனை நிறுத்திவிட்டு 24 மணி நேரம், மறுநாள் ஃபேனோடு 24 மணி நேரம், இரண்டு நாளும் வெயில் ஒரே மாதிரி இருக்கும்போது. ஃபேன் தின்றதையும் சேர்த்த பிறகு இரண்டாம் நாள் எண் குறைவாக இருந்தால் ஃபேன் வேலை செய்கிறது. கூடியிருந்தால் காற்று எங்கேயோ சுற்றி வருகிறது, மறுபடி ஊதுபத்தியை எடுங்கள்.

பராமரிப்பு ஏதாவது?

தூசியைத் தடுக்கக் கொசுவலையை நாலாக மடித்துக் கட்டுகிறார்கள். வேண்டாம், காற்றையே நிறுத்திவிடும். ஒரே மடிப்பு, அதுவும் இழுக்கும் பக்கம் மட்டும். மாதம் ஒரு தடவை பெயின்ட் பிரஷ்ஷால் வலையையும் ஓட்டைகளையும் தட்டி எடுங்கள். கடற்கரையிலிருந்து வந்தால் அன்றைக்கே. ஈரத்துணி வைத்தால் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், உலர்ந்த பிரஷ்தான் சரி.

பங்குனி பிறந்ததும் சென்சார் டேப்பைத் தொட்டுப் பாருங்கள். உரிந்து தொங்கினால் சென்சார் வெறும் டிக்கிக் காற்றைப் படித்துக்கொண்டிருக்கும், கண்டன்சர் 60-ல் வேகும்போதும் திரை 38 காட்டும், ஃபேன் சும்மா நிற்கும். சென்சார் ஒயரே அறுந்தால் திரையில் ஆங்கில 'எல்' மூன்று தெரியும், அப்போதும் ஃபேன் ஓடாது. போகும் வழியில் மாற்ற ஒரு சென்சாரும் இரண்டு ஃப்யூஸும் கையுறைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.